எல்லையைத் துணியில் எழுதுவது: கலப்புப் பண்பாட்டைக் கலம்காரியில் சொல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

கடுக்காயில் நனைத்துக் காயவைத்த துணி வெளிர் மஞ்சளாக இருக்கும். வெல்லத் தண்ணீரில் மூன்று வாரம் ஊறிய பழைய இரும்பின் சாறு கலங்கிய பழுப்பு. அந்தச் சாற்றைத் தொட்டு இந்தத் துணியில் கோடு இழுத்தால், இழுக்கும்போதே கோடு கறுக்கத் தொடங்கும். அந்தக் கருப்பு கடுக்காயிலும் இல்லை, இரும்பிலும் இல்லை. சேர்ந்த பிறகு இரண்டையும் பழையபடி பிரிக்கவும் முடியாது. ஆந்திராவின் ஸ்ரீகாளஹஸ்தியில் கலம்காரி, அதாவது மூங்கில் கலத்தால் இயற்கைச் சாயத்தில் துணிச் சித்திரம், எழுதுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவது இதைத்தான். தமிழக-ஆந்திர எல்லையில், நகரி, புத்தூர், சத்தியவேடு, திருத்தணிப் பக்கத்தில் தமிழும் தெலுங்கும் கலந்து ஓடும் வாழ்க்கையைக் கலைப்படைப்பாக்க நினைப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஊடகம் கிடைப்பது கடினம்.

நான்கைந்து பேர் கொண்ட குழு ஏழு வாரத்தில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது. ஒரு பெரிய கதைத் துணி, அதன் அடியில் தைக்க ஓர் எழுத்துத் துணி என இரண்டு பகுதிகள். ஓவியப் பயிற்சி இல்லாதவர்களும் எழுத்துத் துணியைச் செய்யலாம். கதைத் துணிக்கு மட்டும் கை பழகிய ஒருவராவது வேண்டும்.

முதல் வேலை பானை

சாறு ஊற மூன்று வாரம் ஆகும் என்பதால் இதில்தான் தொடங்க வேண்டும். நான்கு லிட்டர் பிடிக்கும் மண்பானையில் 2 லிட்டர் தண்ணீர் ஊற்றி, 200 கிராம் வெல்லம் கரைத்து, கால் கிலோ துருப்பிடித்த ஆணியோ லாடமோ போடுங்கள். வெல்லத்தில் பாதி பனைவெல்லமாக இருந்தால் நல்லது. வாயைத் துணியால் கட்டுங்கள். மூடி போட்டு இறுக்க வேண்டாம், நொதிக்கும்போது வாயு வெளியேற வேண்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை மரக்குச்சியால் கிளறுங்கள். முதல் வாரம் நுரை பொங்கும், இனிப்பு வாசனை புளிப்பாக மாறும். பதினைந்தாம் நாள் ஒரு துளி எடுத்துக் கடுக்காய்த் துணியில் வைத்துப் பாருங்கள். அரை நிமிடத்துக்குள் நல்ல கருப்பு வந்தால் வடிகட்டலாம். சாம்பலாகவே நின்றால் இன்னும் ஒரு வாரம் விடுங்கள். எவர்சில்வர் ஸ்குரூ, பூச்சு பூசிய கம்பி போன்றவை கரையாது. சாறு வராத பானைகளுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பானை ஊறும் மூன்று வாரத்தில் யோசிக்கவும் சேகரிக்கவும் வேண்டியதை முடித்துவிடலாம்.

எது கலப்பு, எது வெறும் பக்கத்தில் வைத்தல்

இந்த மாதிரிக் கண்காட்சிகள் சறுக்கும் இடம் இது. இடது பக்கம் தமிழ் எழுத்து, வலது பக்கம் தெலுங்கு எழுத்து, நடுவில் கைகுலுக்கும் இரண்டு கைகள். இதில் எதுவும் கலக்கவில்லை. இரண்டும் தத்தம் இடத்திலேயே நிற்கின்றன.

கரீபியக் கடலின் மார்த்தினிக் தீவில் 1928இல் பிறந்த கவிஞரும் சிந்தனையாளருமான எதுவார் கிளிசான் இங்கே ஒரு வேறுபாட்டைக் காட்டினார். சாதாரணக் கலப்பின் விளைவை முன்கூட்டியே கணிக்கலாம். ‘கிரியோலாக்கம்’ (creolization) என்று அவர் சொல்லும் கலப்பின் விளைவைக் கணிக்க முடியாது, புதிதாக ஒன்று பிறந்துவிடுகிறது என்பது அவர் பார்வை. இந்தச் சொல் கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில், அடிமை முறையின் கொடுமைக்குள் உருவான மொழிகளையும் வாழ்க்கையையும் குறித்து வளர்ந்தது. அதை மறந்துவிட்டு ‘எல்லாம் கலந்த இனிய கதம்பம்’ என்று பயன்படுத்துவது தவறு. நம் எல்லைக் கதை வேறு. ஆனாலும் இங்கேயும் யார் மொழியில் பள்ளிக்கூடம், யார் மொழியில் பட்டா என்ற கேள்விகள் உண்டு. 1950-களின் எல்லைப் போராட்டமும், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கும் சத்தியவேடு ஆந்திரத்துக்கும் போனதும் இந்த மண்ணின் நினைவில் உள்ளவை. உங்கள் துணியில் அந்த உரசலுக்கும் இடம் வேண்டும்.

கரீபியனுக்கும் நமக்கும் நேரடியான ஒரு நூலிழையும் இருக்கிறது. சோழமண்டலக் கரையில் நெய்த கட்டம் போட்ட பருத்தித் துணி, ‘மெட்ராஸ்’ என்ற பெயரிலேயே கப்பலேறி மார்த்தினிக், குவாதலூப், செயின்ட் லூசியா தீவுகளுக்குப் போனது. அங்கே பெண்கள் அதைத் தலைப்பாகையாகக் கட்டினார்கள். இன்று செயின்ட் லூசியாவின் தேசிய உடையில் அந்த மெட்ராஸ் கட்டம் உண்டு. அதே துணி நைஜீரியாவின் களபாரி மக்களிடம் போனபோது, அவர்கள் கட்டத்திலிருந்து சில இழைகளை மட்டும் வெட்டி உருவி எடுத்து, நெய்தவன் நினைத்தே பார்க்காத புதுக் கோலத்தை உண்டாக்கினார்கள். துணி நம்முடையது, வெட்டு அவர்களுடையது, கோலம் மூன்றாவது. 2002இல் ஜெர்மனியின் காசல் நகரில் நடந்த டாக்குமென்டா 11 கலைக் கண்காட்சிக்கு முன்னோடியாக, அதன் இயக்குநர் ஒக்வுயி என்வேசர் கிரியோலாக்கம் பற்றிய ஓர் அமர்வை அந்தச் செயின்ட் லூசியாவிலேயே நடத்தினார்.

துணியைக் கொண்டே இதைப் பேசும் சமகாலக் கலைஞர்களையும் பார்த்துவிடுங்கள். பிரிட்டிஷ்-நைஜீரியக் கலைஞர் யின்கா ஷோனிபாரே ‘ஆப்பிரிக்கத் துணி’ என்று எல்லோரும் நினைக்கும் அச்சுத் துணியில் ஐரோப்பியப் பிரபுக்களின் உடைகளைத் தைக்கிறார். அந்தத் துணியோ மெழுகு வைத்துச் சாயம் ஏற்றும் இந்தோனேசிய பாத்திக்கைப் பார்த்து டச்சுக்காரர்கள் ஆலையில் செய்து மேற்கு ஆப்பிரிக்காவில் விற்றது. பரோடாவில் வசிக்கும் லாவண்யா மணி கலம்காரி முறையிலும் இயற்கைச் சாயத்திலும் காலனிய காலத் துணி வணிகத்தைப் படைப்பாக்குகிறார். இவர்களைப் போலச் செய்ய வேண்டியதில்லை. துணி வெறும் பின்புலமாக நின்றுவிடாமல் தானே பேச வேண்டும் என்பதை இவர்களிடம் பார்த்துக்கொள்ளலாம்.

சேகரிப்பு: சொல், சடங்கு, பொருள்

குறிப்பேட்டில் மூன்று பத்தி போடுங்கள். ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து சேர்ந்தால் போதும்.

சொல் சேர்க்கும்போது, எந்தப் பக்கத்துச் சொல் என்று பேசுகிறவர்களே மறந்துபோனவற்றைத் தேடுங்கள். தமிழில் நாம் கூசாமல் சொல்லும் பண்டிகை, ரவிக்கை இரண்டும் தெலுங்கு வழி வந்தவை. அங்கே பண்டுக, ரவிக. தெலுங்கில் கோயில் திருவிழாவுக்குத் ‘திருநாள்ளு’ என்கிறார்கள். அது நம் திருநாள். கலம்காரி என்ற பெயரே பாரசீகம். தெலுங்கில் இதே வேலைக்கு ‘வ்ராதபனி’, எழுதும் பணி, என்ற பெயரும் உண்டு. கோயில் விதானத்தில் கட்டும் சித்திரத் துணிக்குத் தமிழ்நாட்டில் அசமானகிரி என்று பெயர். வானம் என்று பொருள்படும் பாரசீக ‘ஆஸ்மான்’ அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. தமிழ், தெலுங்கு என்று இரண்டோடு நிறுத்தினால் கணக்குத் தவறும். உருதுவும் பாரசீகமும் இந்த மண்ணில் வெகுகாலமாக ஊறியவை.

சடங்கில், மார்கழி மாதம் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதில் திருப்பாவை ஓதப்படுவது ஒன்று. சித்தூர்ப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதக் கதையும் இரவில் கூத்துமாக நடக்கும் விழா இன்னொன்று. வீட்டுக்குள் நடப்பவற்றையும் எழுதுங்கள்: தாலாட்டு எந்த மொழியில், திட்டு எந்த மொழியில், கணக்குப் பார்ப்பது எந்த மொழியில் என்று.

ஒருவர் சொன்ன சொல்லையோ பாட்டையோ துணியில் ஏற்றுவதற்கு முன் அவரிடம் கேளுங்கள். குறிப்பிட்ட சாதியாரோ குடும்பமோ மட்டும் பாடும் இழவுப் பாட்டு, அருள்வாக்கு போன்றவற்றை, அவர்கள் விரும்பித் தந்தாலொழிய, எடுக்கக்கூடாது.

கதைத் துணிக்கு எங்கள் பரிந்துரை கண்ணப்பர். பெரிய புராணத்தில் அவர் திண்ணன். தெலுங்கில் தூர்ஜடி பாடிய ஸ்ரீகாளஹஸ்தீஸ்வர மாஹாத்மியத்தில் தின்னடு. காளஹஸ்தி தேவாரம் பெற்ற தலம், கலம்காரியும் அந்த ஊர்த் தொழில். வாயில் நீரையும் தலையில் பூவையும் சுமந்து, கையில் இறைச்சியோடு வருகிற வேடன் எந்த முறைக்கும் அடங்காத வழிபாட்டைச் செய்கிறான். அந்தக் கதையை எந்த மொழிக்காரனும் தன்னுடையது மட்டும் என்று சொல்ல முடியாது.

துணி தயாரித்தல்

சாயம் ஏறாத, வெளுக்காத, நூறு சதவீதப் பருத்திக் காடாத் துணி ஐந்து மீட்டர் வாங்குங்கள். நான்கு மீட்டர் வேலைக்கு, ஒரு மீட்டர் சோதனைக்கு. ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள்: காகிதம் எரிந்த வாசனையும் பொடிச் சாம்பலும் வந்தால் பருத்தி, உருண்டு கெட்டியானால் பாலியஸ்டர் கலந்தது, சாயம் பிடிக்காது.

ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு துணி மூழ்கும் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடா போட்டு அரைமணி நேரம் கொதிக்கவிட்டு, கல்லில் அடித்துத் துவையுங்கள். கஞ்சி போய்விட்டதா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சினால் சரி. முத்தாக நின்றால் மறுபடி கொதிக்கவையுங்கள். காய்ந்தபின் இரண்டு மீட்டர் கதைத் துணியைத் தனியே வெட்டி எடை போடுங்கள். 300 கிராம் என்று வைத்து இங்கே அளவு தருகிறோம். கூடக் குறைய இருந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

கதைத் துணிக்கு மட்டும் கடுக்காய்ப் பால் கொடுக்க வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் கொட்டை நீக்கிய கடுக்காய்த் தூள் 60 கிராம், தண்ணீர் விடாத எருமைப் பால் அரை லிட்டர், தண்ணீர் ஒரு லிட்டர். கட்டி இல்லாமல் கலக்கி, துணியை முழுதாக முக்கிக் கால்மணி நேரம் கசக்கி, ஒரே சீராகப் பிழிந்து வெயிலில் காயப்போடுங்கள். கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கருப்பாகும்; பாலின் கொழுப்பு சாயம் கசியாமல் பிடித்து நிறுத்தும். பாக்கெட் பாலில் கொழுப்புக் குறைவு என்பதால் கோடு பூத்துப் பரவிவிடும்.

காயப்போடும் இடத்தில் இரண்டு எச்சரிக்கை. கம்பிக் கொடியில் போட்டால் துரு பட்ட இடமெல்லாம் கருங்கோடு விழும், போகவே போகாது. கயிற்றுக் கொடியே வேண்டும். போர்த் தண்ணீரில் இரும்பு அதிகமிருந்தால் துணி முழுதும் சாம்பல் பூக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை கடுக்காய்த் தூளைப் போட்டுப் பாருங்கள். கறுத்தால் அந்தத் தண்ணீர் ஆகாது, மழைத் தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுங்கள்.

எழுத்துத் துணி

இதுதான் இந்த வேலையின் இதயம். இதற்குக் கடுக்காய்ப் பால் முக்கக்கூடாது, துவைத்த வெள்ளைத் துணியாகவே இருக்கட்டும். இரண்டு மீட்டர் நீளம், அரை மீட்டர் உயரம்.

கால் லிட்டர் எருமைப் பாலில் 50 கிராம் கடுக்காய்த் தூளைக் கலந்து வடிகட்டினால் கெட்டியான மை கிடைக்கும். ஒரு சென்டிமீட்டர் அகலத் தூரிகையால் திண்ணன் என்று தமிழில் எழுதுங்கள். எழுத்து ஒவ்வொன்றும் குறைந்தது 30 சென்டிமீட்டர் உயரம். காய்ந்தால் மங்கிய மஞ்சளாகத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். மறுநாள், அதன் மேலேயே, இரும்புச் சாற்றில் தின்னடு என்று தெலுங்கு எழுத்தில் அதே அகலத்தில் எழுதுங்கள்.

இப்போது கிட்ட நின்று பாருங்கள். தமிழ்த் ‘தி’யின் நேர்க்கோட்டைத் தெலுங்குத் ‘தி’யின் வளைவு வெட்டும் இடத்தில் மட்டும், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கருஞ்சதுரம் எழும். அதன் மேலும் கீழும் தெலுங்குக் கோடு வெறும் துரு நிறம், தமிழ்க் கோடு வெறும் மஞ்சள். இரண்டு எழுத்தையும் முழுதாக எழுதி முடித்துப் பத்தடி தள்ளிப் போனால் மஞ்சளும் துருவும் மங்கிவிடும். கண்ணில் நிற்பது அந்தக் கருந்துண்டுகளின் வரிசை. அது தமிழும் அல்ல, தெலுங்கும் அல்ல, ஏதோ ஒரு மூன்றாவது எழுத்தின் தோற்றம். எந்தத் துண்டு எங்கே விழும் என்று வரைந்தவருக்கே முன்கூட்டித் தெரியாது.

துணியில் இடம் இருக்கும் அளவுக்குச் சேகரித்த சொற்களையும் இப்படியே எழுதலாம். பண்டிகை மேல் பண்டுக, திருநாள் மேல் திருநாள்ளு. சாறு அதிகம் தோய்ந்தால் ஓரம் கசிந்து சதுரம் உருவம் இழந்து பரவிவிடும். தூரிகையைப் பானை விளிம்பில் இருமுறை வழித்துவிட்டு எழுதுங்கள். எழுதியபின் இரண்டு நாள் காயட்டும். பிறகு சாணியைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, அதில் பத்து நிமிடம் முக்கி, நல்ல தண்ணீரில் அலசுங்கள். பிடிக்காத இரும்பு வேறு இடத்தில் ஒட்டாமல் சாணித் தண்ணீர் தடுக்கும். நேராகக் குழாயடியில் அலசினால் அவிழ்ந்த இரும்பு மஞ்சள் எழுத்தில் ஏறி எல்லாம் ஒரே கருப்பாகிவிடும், சொல்லவந்தது போய்விடும்.

கதைத் துணி

கோட்டுக்கரி: பென்சில் பருமன் புளியங்குச்சிகளை மூடியுள்ள தகர டப்பாவில் மணலோடு வைத்து அரைமணி நேரம் சுடுங்கள். கரிக்கோடு தட்டினால் உதிரும், பயமில்லாமல் வரையலாம்.

கலம்: 15 சென்டிமீட்டர் மூங்கில் குச்சியின் நுனியைச் சீவி, நுனியிலிருந்து மூன்று சென்டிமீட்டர் மேலே கம்பளித் துண்டை எலுமிச்சை அளவு சுற்றி நூலால் இறுக்கிக் கட்டுங்கள். கம்பளி சாற்றைக் குடித்து வைத்திருக்கும். விரலால் அழுத்த அழுத்த நுனிக்கு இறங்கும். மெல்லிய கோட்டுக்குக் கூர் நுனி, நிரப்ப மழுங்கிய நுனி.

கருங்கோடு முழுதையும் முதலில் முடியுங்கள். பிறகு சிவப்பு வேண்டிய இடங்களுக்குப் படிகாரம்: ஒரு லிட்டர் சுடுதண்ணீரில் 100 கிராம் கரைத்து ஆறவிட்டு, பூசிய இடம் தெரிய ஒரு சிட்டிகை மஞ்சிட்டித் தூள் (சிவப்புச் சாயம் தரும் வேர்) போட்டுக்கொள்ளுங்கள். பூசி இரண்டு நாள் விட வேண்டும். அவசரப்பட்டு மறுநாளே சாயத்தில் போட்டால் சிவப்பு திட்டுத் திட்டாக வரும். அதன்பின் ஓடும் தண்ணீரில் அலசுவது முறை. காளஹஸ்தியின் ஆறான சுவர்ணமுகியில் பல மாதம் தண்ணீர் இருக்காது. மூன்று பெரிய தொட்டியில் வரிசையாக, துணியை மடிக்காமல் விரித்துப் பிடித்து அலசுங்கள். மடித்தால் அவிழ்ந்த படிகாரம் எதிர்ப் பக்கத்தில் ஒட்டி அங்கேயும் சிவக்கும்.

சிவப்புக்குச் செம்பு அல்லது எவர்சில்வர் அண்டாவில் துணி மிதக்கும் தண்ணீர், 200 கிராம் மஞ்சிட்டித் தூள். சாயவேர் கிடைத்தால் நிறம் இன்னும் ஆழம். இரும்புச் சட்டி கூடவே கூடாது, சிவப்பு கத்தரிக்காய் நிறமாகிவிடும். ஒரு மணி நேரம் மெல்லச் சூடேற்றி, கை பொறுக்காத சூட்டில் நிறுத்தி, இன்னொரு மணி நேரம் குச்சியால் புரட்டிக்கொண்டே இருங்கள். மஞ்சிட்டியைத் தளதளவென்று கொதிக்கவிட்டால் பழுப்பேறும். படிகாரம் பட்ட இடம் சிவக்கும், மற்ற இடம் மங்கிய ரோஜா நிறம் கொள்ளும். அந்த மங்கலை நீக்க, இரவு சாணித் தண்ணீரில் ஊறவைத்து, அலசி, ஈர மணலில் விரித்து, காயக் காயத் தண்ணீர் தெளித்து இரண்டு மூன்று நாள் வெயிலில் வையுங்கள்.

மஞ்சள், பச்சை, நீலம் பூசுவதற்கு முன் இன்னொரு முறை பால் மட்டும் கொடுத்துக் காயவையுங்கள். மஞ்சளுக்குக் கடுக்காய்ப்பூ 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, ஒரு கரண்டி படிகாரம் சேர்த்து வடிகட்டுங்கள். சமையல் மஞ்சள் கண்ணைப் பறிக்கும், ஆனால் ஒரு கோடை வெயிலுக்கு நிற்காது. நீலத்துக்கு அவுரியைக் கலம்காரித் தொழிலாளர்களிடமே கேட்டு வாங்குவது நல்லது. நீலத்தின் மேல் மஞ்சள் ஓட்டினால் பச்சை.

கண்ணப்பரை வரையும்போது ஒரு யோசனை: பார்வையாளர் கண் மட்டத்தில் அவருடைய கால் கட்டைவிரல் லிங்கத்தின் கண்ணில் ஊன்றும் இடத்தை வையுங்கள். அந்த விரலைச் சுற்றி மட்டும் கருப்பும் சிவப்பும் ஒன்றன் மேல் ஒன்று ஏறட்டும்.

கலைஞரின் கூலியும் பெயரும்

கதைத் துணிக்குக் காளஹஸ்திக் கலைஞரைச் சேர்த்தால் மீட்டர் கணக்கில் பேசாதீர்கள். நாள் கணக்கில் கூலி பேசுங்கள். மீட்டர் கணக்கு வேகமான கோட்டைக் கேட்கும், சோதனைக்கு இடம் தராது. ‘உதவி’ என்று கடைசி வரியில் போடாமல் படைப்பாளிகளில் ஒருவராகப் பெயர் போடுங்கள். ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரிக்குப் புவிசார் குறியீடு உண்டு. வேறிடத்தில், வேறு சாயத்தில் செய்த துணிக்கு அந்தப் பெயரை ஒட்டக்கூடாது.

தொங்கவிடுதல்

எழுத்துத் துணியைக் கதைத் துணியின் அடியில் பருத்தி நூலால் கையால் தையுங்கள். மேல் விளிம்பில் குழாய் போலத் தைத்து மூங்கில் செருகுங்கள். குண்டூசியும் இரும்பு வளையமும் மழைக்காலத்தில் துருவை இறக்கும். நேர் வெயில், டியூப் லைட் அருகு இரண்டும் ஆகாது.

விளக்க அட்டையைத் தமிழிலும் தெலுங்கிலும் வையுங்கள், ஆனால் ஒன்றின் மொழிபெயர்ப்பாக மற்றது வேண்டாம். தமிழ் அட்டை தெலுங்கிலிருந்து வந்த சொற்களைச் சொல்லட்டும், தெலுங்கு அட்டை தமிழிலிருந்து போனவற்றைச் சொல்லட்டும். இரண்டு மொழியும் தெரிந்தவருக்குத்தான் முழுக் கதையும் கிடைக்கும். எல்லையில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர், பக்கத்தில் நிற்பவருக்குப் படித்துக் காட்டுவார்கள். துணிக்கு முன் ஒரு பெஞ்சு போடுங்கள்.

இறக்கிய பிறகு மடிக்காமல் குழாயில் சுற்றி, காய்ந்த வேப்பிலை போட்ட பருத்தித் துணியில் பொதிந்து வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை விரித்துக் கருங்கோடுகளைத் தடவிப் பாருங்கள். இரும்பு நாளாக நாளாக நூலைத் தின்னும். பழைய கலம்காரிகளில் கருப்பு இருந்த இடம் மட்டும் உதிர்ந்து ஓட்டையாக நிற்பது இதனால்தான். இழை நொய்ந்த இடம் தெரிந்தால் பின்பக்கம் மெல்லிய மல் துணி வைத்துத் தளர்வாகத் தைத்துவிடுங்கள்.